கணக்குக்குத் திரும்பி வந்தவர்கள்

கலைப்பீடத்தில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும்: “எனக்குக் கணக்கு வராது.” பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம் சொல்வது போல, தன்னை அறிமுகப்படுத்தும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மழை வராது, பஸ் வராது எண்ட மாதிரி, கணக்கும் தானாக வரவேண்டிய ஒரு சாமான். எங்கள் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். சாதாரண தரப் பரீட்சை முடிந்த அன்றைக்குக் கணிதக் கொப்பியை மூடினோம். உயர்தரத்தில் கலைப்பிரிவை எடுத்தோம். அதோட கதை முடிஞ்சுது எண்டு நினைத்தோம்.

ஆனால் கம்பசுக்கு வந்த பிறகு அது பின்வாசலால் உள்ளே வருகிறது. புவியியல் படிக்கிறவருக்குப் புள்ளிவிபரவியல் இருக்கிறது. சமூகவியல் ஆய்வு செய்கிறவர் மாதிரியெடுப்பையும் நியம விலகலையும் சந்திக்கிறார். பொருளியல்காரருக்கு வளைகோடுகள். பலர் கணினி தந்த அட்டவணையை அப்படியே ஆய்வறிக்கையில் ஒட்டி, அதற்குக் கீழே முன்னைய வருஷத்து அறிக்கையில் இருந்த வசனத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதி ஒப்பேற்றுகிறார்கள். அட்டவணை என்ன சொல்கிறது எண்டு கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டியதுதான்.

இருபது வயதுக்குப் பிறகு கணக்கைத் திரும்பத் தொடங்க ஏலுமா? இந்தக் கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம் எண்டு நினைத்தோம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, வளர்ந்த பிறகு, தாங்களாகவே கணிதம் படித்தவர்கள் யார்? எதை வைத்துப் படித்தார்கள்? எது அவர்களை மறித்தது? இவர்களையெல்லாம் ‘பிறவி மேதைகள்’ எண்டு ஒரு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது சுகம். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஒரு புத்தகம், கொஞ்ச நேரம், செய்ததைப் பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள்.

நாற்பது வயதில் திறந்து கிடந்த புத்தகம்

அரசியல் விஞ்ஞானம் படிக்கிற எல்லோருக்கும் தோமஸ் ஹொப்ஸைத் தெரியும். ‘லெவியதான்’ எழுதியவர். 1588இல் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் படித்தவர்தான், ஆனால் நாற்பது வயது வரைக்கும் கேத்திரகணிதத்தின் பக்கம் போகாதவர். அவருடைய நண்பர் ஜோன் ஓப்ரி எழுதி வைத்த ஒரு கதை இருக்கிறது. ஒரு கனவானின் நூலகத்தில் யூக்ளிட்டின் ‘மூலகங்கள்’ திறந்தபடி கிடந்ததாம். திறந்திருந்த பக்கம் முதலாம் புத்தகத்தின் 47ஆம் தேற்றம். நாங்கள் பைதகரஸ் தேற்றம் எண்டு படித்தது அதைத்தான்: செங்கோண முக்கோணி ஒன்றில் செம்பக்கத்தின் மீது வரைந்த சதுரத்தின் பரப்பளவு, மற்ற இரண்டு பக்கங்களின் மீது வரைந்த சதுரங்களின் பரப்பளவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமன்.

ஹொப்ஸ் அதை நம்பவில்லை. இப்படி இருக்க வழியே இல்லை எண்டு சத்தம் போட்டிருக்கிறார். பிறகு நிறுவலை வாசித்தார். அது முன்னால் இருந்த இன்னொரு தேற்றத்தைக் காட்டியது. அங்கே போனார். அது அதற்கும் முன்னாலுள்ள ஒன்றைக் காட்டியது. இப்படியே பின்னோக்கிப் போய்ப் போய், கடைசியில் மறுக்க ஏலாத இடத்தில் வந்து நின்றார். அந்த நாளிலிருந்து கேத்திரகணிதத்தில் காதல் வந்துவிட்டது எண்டு ஓப்ரி எழுதுகிறார்.

இந்தக் கதையை வாசித்துவிட்டு நாங்கள் சிலர் அதே வழியில் பின்னோக்கி நடந்து பார்த்தோம். 47ஆம் தேற்றத்துக்கு 41 வேண்டும்: ஒரே அடியில், ஒரே சமாந்தரக் கோடுகளுக்கிடையில் இருக்கும் இணைகரம் முக்கோணியைப் போல இரண்டு மடங்கு. 41க்கு 34 வேண்டும்: இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமன். 34க்கு 29 வேண்டும்: சமாந்தரக் கோடுகளை ஒரு கோடு வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமன். 29, நிறுவாமலே ஏற்றுக்கொள்ளுங்கள் எண்டு யூக்ளிட் தொடக்கத்தில் கேட்கும் ஐந்தாவது அடிப்படைக் கூற்றில் போய் நிற்கிறது. இவை எல்லாமே நாங்கள் சாதாரண தரத்துக்குப் படித்தவை! பரீட்சைக்காகத் தனித்தனியாகப் பாடமாக்கியபடியால், இது ஒரு ஏணி எண்டு அப்போது தெரியவில்லை.

தனியாகப் படிக்கிற ஆளுக்கு யூக்ளிட் ஏன் பொருந்தினார் எண்டதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. அந்தப் புத்தகம் ‘நான் சொல்கிறேன், நம்பு’ எண்டு கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஆசிரியர் இல்லாத குறையை அந்த ஒழுங்கு ஓரளவுக்கு நிரப்புகிறது.

அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கனும் இதே புத்தகத்திடம்தான் போனார். எல்லாம் சேர்த்தாலும் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு. சட்டத்தையும் தானாகவே படித்தவர். 1847 முதல் 1849 வரை காங்கிரசில் உறுப்பினராக இருந்த பிறகு, நாற்பது வயதளவில், யூக்ளிட்டின் முதல் ஆறு புத்தகங்களையும் படித்து ஏறக்குறையத் தேர்ந்ததாக 1860இல் எழுதிய சுயகுறிப்பில் சொல்கிறார். வழக்கறிஞருக்கு முக்கோணி எதற்கு? ஒன்றை ‘நிறுவுவது’ எண்டால் என்ன எண்டதைத் தெரிந்துகொள்ளத்தான்.

ஹொப்ஸின் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. 1655இல் வெளியிட்ட நூலொன்றில், வட்டத்துக்குச் சமமான பரப்பளவுள்ள சதுரத்தைக் கவராயத்தாலும் நேர்விளிம்பாலும் வரையும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதினார். ஒக்ஸ்போர்ட் கணிதப் பேராசிரியர் ஜோன் வொலிஸ் அதில் இருந்த பிழைகளைக் காட்டினார். ஹொப்ஸ் ஏற்கவில்லை. 1679இல் இறக்கும் வரை சண்டை ஓயவில்லை. அப்படி வரைவது நடக்கவே நடக்காது எண்டதை 1882இல் லின்டமன் நிறுவினார். தனியாகப் படிப்பவருக்குப் புத்தகம் ஏணி தரும். ஆனால் ஏணியை எங்கே பிழையாகச் சாத்தியிருக்கிறோம் எண்டதை இன்னொரு ஆள்தான் பார்த்துச் சொல்லவேணும். சொன்னால் கேட்கவும் வேணும்.

எந்த மொழியில்?

ஹொப்ஸுக்கு இலத்தீன் தெரியும், பெரிய வீட்டு நூலகங்களும் திறந்திருந்தன. அவை இரண்டும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

இத்தாலியின் பிரேசியா நகரில் நிக்கலோ எண்டொரு பெடியன். ஏழை வீடு. 1512இல் பிரெஞ்சுப் படை நகரத்தைச் சூறையாடியபோது வாள்வெட்டு முகத்தில் விழுந்தது. தாய் பராமரித்து உயிரைக் காப்பாற்றினாள்; ஆனால் பேச்சுத் திக்கியது. திக்குபவன் எண்ட பொருள்படும் ‘தார்த்தாலியா’ எண்ட பட்டப்பெயரையே பிறகு தன் பெயராக வைத்துக்கொண்டார். எழுதப் பழகப் போன இடத்தில் அரிச்சுவடியின் பாதியிலேயே காசு முடிந்துவிட்டதால், மிச்ச எழுத்துகளைத் தானாகவே படித்ததாகச் சொல்கிறார். போரும் வறுமையும் பள்ளிக்கூடத்தை நடுவில் நிறுத்திய கதை எங்களுக்குப் புதிதில்லை.

அந்த மனிதர்தான் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கண்டவர்களில் ஒருவர். அதைவிட எங்களுக்கு முக்கியமாகப் படுவது அவர் 1543இல் செய்த வேலை. யூக்ளிட்டை இத்தாலிய மொழியில் அச்சிட்டார். நவீன ஐரோப்பிய மொழி ஒன்றில் வந்த முதல் யூக்ளிட் அது. இலத்தீன் தெரியாத தச்சனும் கொத்தனும் பீரங்கிக்காரனும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

அதே வருஷம் இங்கிலாந்தில் ரொபேர்ட் ரெக்கோர்ட் எண்ட வைத்தியர் எண்கணித நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது ஒரு ஆசிரியரும் மாணவனும் கதைக்கிற மாதிரி எழுதப்பட்டது. மாணவன் கேள்வி கேட்பான், பிழை விடுவான், ஆசிரியர் திருத்துவார். ஆசிரியர் கிடைக்காதவர்களுக்குப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு ஆசிரியரை வைத்துக் கொடுத்திருக்கிறார்! நாங்கள் இன்றைக்கும் போடுகிற சமன் குறியை முதலில் அச்சில் கொண்டுவந்ததும் இவர்தான், 1557இல். ‘இதற்குச் சமன்’ எண்டு திரும்பத் திரும்ப எழுதும் அலுப்பைத் தவிர்க்க, ஒரே நீளமுள்ள இரண்டு சமாந்தரக் கோடுகளைப் போட்டார்.

இந்த வரிசையில் எங்கட ஊரும் இருக்கிறது. 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் கணிதமும் வானியலும் முக்கிய பாடங்கள். அங்கு படித்து அங்கேயே கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ எண்டு அட்சரகணித நூலொன்றைத் தமிழில் கொண்டுவந்தார். தார்த்தாலியாவும் ரெக்கோர்டும் செய்த அதே வகை வேலை. இன்றைக்கு எங்களுக்கு ‘நிறுவல்’, ‘செம்பக்கம்’, ‘மடக்கை’ எண்டு சொல்லுகள் இருப்பது சும்மா வந்ததில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து உருவாக்கியிருக்கிறார்கள்.

முடிந்துபோன மெழுகுதிரிகள்

புத்தகம் இருந்தால் போதுமா? மேரி சமர்வில்லைப் பாருங்கள்.

1780இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். தகப்பன் கடற்படை அதிகாரி. பத்து வயதளவில் ஒரு வருஷம் விடுதிப் பள்ளிக்கூடம். பிறகு தையல், பியானோ, ஓவியம். பெண்கள் வாசிக்கும் சஞ்சிகை ஒன்றில் எண்களோடு எக்ஸும் வையும் கலந்திருந்ததைப் பார்த்து இது என்ன எண்டு கேட்டார். ‘அட்சரகணிதம் எண்டு ஏதோ’ எண்டதைத் தவிர ஆருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓவிய வகுப்பில் ஆசிரியர் வேறு ஆருக்கோ யூக்ளிட்டைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் ஒரு பெட்டை கடைக்குப் போய் யூக்ளிட் கேட்க முடியாத காலம். கடைசியில் தம்பிக்குப் படிப்பிக்க வந்த ஆசிரியரைக் கொண்டு வாங்குவித்தார்.

இரவில் படித்தார். வீட்டில் மெழுகுதிரி கெதியாக முடிகிறது எண்டு வேலைக்காரர் முறையிட, அவர் படுத்தவுடன் திரியை எடுத்துவிடச் சொல்லித் தாய் உத்தரவு போட்டார். அதற்கிடையில் ஆறு புத்தகம் முடிந்திருந்தது. ஆகவே இருட்டில் படுத்துக்கொண்டு தேற்றங்களை ஒவ்வொன்றாக மனதில் நிறுவினார். இப்படிப் படித்தால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் எண்டு தகப்பன் பயந்தார்.

1804இல் கலியாணம். கணவனுக்குப் பெண்கள் படிப்பதில் மதிப்பில்லை. 1807இல் அவர் இறந்துபோக, இரண்டு குழந்தைகளோடு ஊருக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு 26 வயது. விதவை எண்டபடியால் கையில் சொந்தமாகக் கொஞ்சப் பணம். எதைப் படிக்கிறாய் எண்டு அதட்ட ஆளில்லை. கணிதத்தைத் திரும்பத் தொடங்கினது அப்போதுதான். சுற்றியிருந்தவர்கள் விசர் வேலை எண்டு சிரித்தார்கள். கோள முக்கோணவியல், கூம்பு வெட்டுகள், நியூட்டன் எண்டு போனார். கணித ஆசிரியர் வில்லியம் வலஸோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. கணிதச் சஞ்சிகையில் வரும் புதிர்களுக்கு இருவரும் தங்கள் தீர்வுகளை எழுதி ஒப்பிட்டார்கள். 1811இல் ஒரு புதிருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அடுத்து எதைப் படிக்கவேணும் எண்டு வலஸ் ஒரு பட்டியலும் கொடுத்தார். பெரும்பாலும் பிரெஞ்சு நூல்கள்.

1831இல் லபிளாஸின் வானியக்கவியலை ஆங்கில வாசகருக்கு விளக்கி எழுதிய ‘வானங்களின் பொறிமுறை’ வெளிவந்தது. அந்த நூல் கேம்பிரிட்ஜில் உயர்நிலை மாணவர்கள் படித்தது. அந்தக் கேம்பிரிட்ஜில் மாணவியாகச் சேர அவருக்கு அனுமதி இல்லை. 1872இல், 91 வயதில் இறக்கும் காலத்திலும் காலை வேளையில் உயர்கணிதம் செய்துகொண்டுதான் இருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஜோன் ஸ்டுவர்ட் மில் கொண்டுபோன மனுவில் முதலாவது கையெழுத்தும் இவருடையதுதான்.

இதில் எங்களை நிறுத்துகிற இடம் எது தெரியுமா? திறமை பதினைந்து வயதிலேயே இருந்தது. புத்தகமும் இருந்தது. ஆனால் படிக்க நேரமும் வெளிச்சமும் கிடைக்க ஒரு கணவன் இறக்கவேண்டி இருந்தது. எத்தனை வீட்டில் மெழுகுதிரி எடுக்கப்பட்டதோடு கதை முடிந்திருக்கும்? அந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆலைக்காரரின் கட்டுரை

விஞ்ஞான பீடத்து நண்பர்கள் ‘கிரீனின் தேற்றம்’ படிக்கிறார்கள். அந்தக் கிரீன் ஒரு மாவாலைக்காரர் எண்டு சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஜோர்ஜ் கிரீன் 1793இல் நொட்டிங்ஹாமில் ஒரு பேக்கரிக்காரரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் பள்ளிக்கூடம் போய் ஒன்றேகால் வருஷமளவில் நிறுத்தி, பேக்கரி வேலைக்கு வந்துவிட்டார். 1807இல் தகப்பன் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்நெயின்டனில் காற்றாலை கட்டினார். காற்று அடிக்கிற நேரமெல்லாம் ஆலை ஓடும், கூடவே ஆள் நிற்கவேணும். ஆலையின் மேல்தட்டில் அவர் படித்ததாக ஊரில் சொல்வார்கள். 1823இல், முப்பது வயதில், சந்தா கட்டி நகர நூலகத்தில் சேர்ந்தார். அதே நகரத்தில் முன்பு பள்ளி அதிபராக இருந்த ஜோன் டொப்லிஸ் லபிளாஸை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். கிரீனுக்குப் பிரெஞ்சுக் கணிதம் அறிமுகமானதில் அவர் பங்கு இருந்திருக்கலாம் எண்டு வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள்.

1828இல் மின்னியலுக்கும் காந்தவியலுக்கும் கணிதத்தைப் பிரயோகிப்பது பற்றிய ஒரு கட்டுரையைச் சொந்தமாக அச்சடித்தார். விலை ஏழரை ஷில்லிங். 51 பேர் முன்கூட்டியே சந்தா கட்டி வாங்கினார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒரு பக்கமும் விளங்கியிராது. ஊர்ப் பெடியனுக்குக் கைகொடுப்போம் எண்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் வாங்கியவர்களில் எட்வேர்ட் புரொம்ஹெட் எண்ட நிலக்கிழார் ஒருவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். இது சும்மா ஆளில்லை எண்டு அவருக்கு விளங்கியது. அடுத்த கட்டுரைகளை வெளியிட உதவுகிறேன் எண்டு கடிதம் போட்டார். கிரீன் பதில் எழுதவில்லை. பெரிய மனிசர் மரியாதைக்கு எழுதுவார்கள், அதை உண்மையெண்டு எடுத்துப் பின்னால் போகாதே எண்டு ஆரோ சொன்னதை நம்பிவிட்டார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் போன பிறகு, 1830இல்தான் பதில் போட்டார்.

வர்க்கம் எண்டால் என்ன எண்டதை எங்களுக்கு விளங்கப்படுத்த இந்தப் பதில் எழுதாத ஒன்றரை வருஷம் போதும். கணிதத்தில் அவருக்குப் பயமில்லை. ஒரு கனவானுக்குக் கடிதம் எழுதத்தான் பயம்.

பிறகு 1833இல், நாற்பது வயதில், கேம்பிரிட்ஜில் இளமாணி மாணவனாகச் சேர்ந்தார். தன் பிள்ளை வயதுக்காரரோடு வாங்கில் இருந்து, இடறவைத்த இலத்தீனையும் கிரேக்கத்தையும் சமாளித்து, 1837இல் கணிதத்தில் நாலாவதாகத் தேறினார். 1841இல் இறந்தார். 1828இன் கட்டுரை அப்போதும் ஆருக்கும் தெரியாது. 1845இல் இளைஞர் வில்லியம் தொம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, தன் ஆசிரியரிடமிருந்து அதன் பிரதியை வாங்கிப் பரிசுக்குக் கொண்டுபோன பிறகுதான் ஐரோப்பாவின் கணிதவியலாளர்கள் திடுக்கிட்டார்கள். இன்றைக்கு ‘கிரீனின் சார்புகள்’ இல்லாமல் குவாண்டம் பௌதிகவியலே இல்லை. அவருடைய படம் ஒன்றுகூட எஞ்சவில்லை.

இன்னொரு பெயரையும் எழுதவேணும்: ஜேன் ஸ்மித். ஆலை முகாமையாளரின் மகள். கிரீனோடு முறையாகக் கலியாணம் நடக்கவில்லை, ஏழு பிள்ளைகள். கிரீன் கேம்பிரிட்ஜில் இருந்த வருஷங்களில் பிள்ளைகளோடு நொட்டிங்ஹாமில் இருந்தது அவர்தான். ‘தனியாகப் படித்தவர்’ எண்டு சொல்லும்போது, அந்த நேரத்தை ஆர் கொடுத்தது எண்டும் கேட்கப் பழகுவோம்.

சமையலறை மேசையில் ஐங்கோணிகள்

இதெல்லாம் பழைய காலம் எண்டு நினைக்கலாம். 1975க்கு வருவோம்.

அமெரிக்காவின் சன் டியேகோவில் மார்ஜரி ரைஸ் எண்ட இல்லத்தரசி, ஐந்து பிள்ளைகளின் தாய். கணிதம் எண்டு படித்தது பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் மட்டும். மகனுக்கு வரும் விஞ்ஞானச் சஞ்சிகையில் மார்ட்டின் கார்ட்னர் எழுதும் பத்தியை அவரும் வாசிப்பார். அந்த வருஷம் அவர் வாசித்தது இது: இடைவெளி இல்லாமல் தரையை மூடக்கூடிய குவிந்த ஐங்கோணிகள் எத்தனை வகை? முக்கோணியும் நாற்கோணியும் எதுவென்றாலும் மூடும். ஐங்கோணிதான் பிரச்சினை; ஒழுங்கான ஐங்கோணியை அடுக்கிப் பாருங்கள், இடைவெளி விழும். பட்டியல் முடிந்துவிட்டது எண்டு முதலில் நம்பப்பட்டது; பிறகு ஒரு வாசகர் இன்னொரு வகையை அனுப்பினார். அப்படியெண்டால் இன்னும் இருக்குமோ?

கணிதக் குறியீடுகள் தெரியாததால் ரைஸ் தனக்கெண்டு ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். சமையலறை மேசையில் வரைவார், ஆராவது வந்தால் மூடி மறைத்துவிடுவார். 1976க்கும் 1977க்கும் இடையில் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். கார்ட்னர் அந்த வரைபடங்களைக் கணிதவியலாளர் டோரிஸ் ஷட்ஷ்னைடரிடம் அனுப்பினார். அவர் முதலில் அந்த விசித்திரக் குறியீடுகளைக் கண்டு திகைத்தார். ஆனால் குப்பையில் போடவில்லை. இருந்து படித்து, சரி எண்டு கண்டு, உலகத்துக்கு எழுதினார். 2017இல் மிக்கேல் ராவோ கணினி உதவியோடு இறுதிப் பட்டியலைத் தந்தார்: மொத்தம் 15 வகை. அதில் நான்கு அந்தச் சமையலறையில் பிறந்தவை.

இதில் எங்களுக்கு என்ன?

ஹொப்ஸ், சமர்வில், கிரீன், ரைஸ். இவர்கள் எல்லோரும் விசேஷமானவர்கள், மறுக்கவில்லை. ஆனால் கதைகளை அடுக்கிப் பார்த்தால், வாழ்க்கை திரும்பிய இடங்கள் மூளைக்கு வெளியேதான் இருந்தன. திறந்து கிடந்த புத்தகம். தாய்மொழி. வேலை முடிந்த பிறகு மிஞ்சிய ஒரு மணித்தியாலம். வலஸ், புரொம்ஹெட், ஷட்ஷ்னைடர் எண்டு பொறுமையாக வாசித்துப் பதில் போட்ட ஒரு ஆள். இவை கிடைத்தவருக்குக் கணக்கு ‘வந்தது’. கிடைக்காதவருக்கு ‘வரவில்லை’ எண்டு ஊர் எழுதிவைத்தது. பதினாறு வயதில், ரியூசனுக்குக் காசு இருந்ததா, பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இருந்தாரா, வீட்டில் மேசை இருந்ததா எண்டதையெல்லாம் பார்க்காமல் எங்களுக்கு நாங்களே எழுதிக்கொண்ட தீர்ப்பும் அப்படிப்பட்டதுதான்.

எல்லோரும் தேற்றம் கண்டுபிடிக்கவேணும் எண்டு சொல்ல வரவில்லை. 1936இல் லான்சலட் ஹொக்பன் எண்ட உயிரியலாளர் ‘கோடிப் பேருக்கான கணிதம்’ எண்டு ஒரு தடித்த புத்தகம் எழுதினார். தானாகப் படிக்கும் சாதாரண மனிசருக்காகவே எழுதியது. கணிதம் ஒரு சிறு கூட்டத்தின் இரகசியமாக இருந்தால் மற்றவர்கள் அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டியதுதான் எண்டது அவருடைய கவலை.

அந்தக் கவலையை இங்கே கொண்டுவந்து பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த செப்டெம்பரில் 1.3 சதவீதம். ‘பணவீக்கம் குறைந்தது’ எண்ட செய்தியைக் கேட்டுவிட்டுக் கடையில் ஏன் சாமான் குறையவில்லை எண்டு எத்தனை பேர் குழம்பினோம்? 100 ரூபாய்ச் சாமான் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 170 ஆனது, அடுத்த வருஷம் 172 ஆனது. குறைந்தது ஏறும் வேகம். விலை இறங்கவே இல்லை.

இன்னொன்று, எங்கள் ஊர்களில் அம்மாக்களின் கழுத்தை நெரித்தது. ஒரு உதாரணத்துக்கு, 50,000 ரூபாய் கடன், ‘வருஷத்துக்கு 24 வீத வட்டி’, பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000, மாதம் 5,167 ரூபாய். பார்த்தால் சரி போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலில் ஒரு பகுதி கட்டி முடிகிறது. கடைசி மாதத்தில் கையில் இருக்கும் கடன் 5,000 அளவுதான். வட்டி மட்டும் கடைசிவரை 50,000க்கே கணக்குப் பார்க்கப்படுகிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருஷத்துக்கு 40 வீதத்தைத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்க உயர்கணிதம் வேண்டாம். சதவீதமும், கூட்டல் விருத்தியும், ஒரு பின்னேரமும் போதும். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது அந்தப் பின்னேரம் ஆரிடமும் இருக்கவில்லை. சமூகவியல் படித்த நாங்கள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம்; கணக்கைப் போட்டுக் காட்டுகிறோமா?

தொடங்க என்ன வேணும் எண்டதற்கு வரலாறு தரும் பதில் சின்னது. புத்தகம் இருக்கிறது: தரம் 10, 11 கணித நூல்கள் தமிழில், அரசாங்கம் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தவை, தம்பி தங்கச்சியின் புத்தகப்பையில் இன்றைக்கும் கிடக்கின்றன. தார்த்தாலியாவுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் அது. நேரம் எண்டது எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை; வீட்டில் சமைக்கிற தங்கச்சிக்கும் வாசிக்க ஒரு மணித்தியாலம் கிடைக்கவேணும் எண்டால் அண்ணாமார் அடுப்படிக்குள் போகவேணும். மூன்றாவது, ஆள். அதற்குப் பேராசிரியர் தேவையில்லை. கிழமைக்கு ஒருக்கா ஒரு நிறுவலை எழுதி இன்னொருவரிடம் கொடுத்து, ‘எந்த வரியில் விளங்காமல் நின்றாய்?’ எண்டு கேட்டால் போதும். பிழை எண்டு சொன்னால் ஹொப்ஸ் மாதிரிச் சண்டை பிடிக்காமல் அந்த வரியைத் திரும்பப் பார்க்கவேணும்.

இந்தக் கிழமையே தொடங்க விரும்பினால் 47ஆம் தேற்றத்திலிருந்து தொடங்குங்கள். நம்பாமல் தொடங்குங்கள். பின்னால் போய்க்கொண்டே இருங்கள். எந்த இடத்தில் மறுக்க ஏலாமல் நின்றீர்கள் எண்டு எங்களுக்கும் எழுதுங்கள். வாசித்துப் பதில் போடுவோம், ஒன்றரை வருஷம் எடுக்கமாட்டோம்.